உப்புக்காற்றில் போல்ட் சிக்கினால்: கேஸ் ஏர்சாஃப்ட் ரைபிள் வைத்திருக்கும் புதியவர்களுக்கு

கேஸ் அழுத்தத்தால் சின்ன பிளாஸ்டிக் குண்டைச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கிதான் கேஸ் ஏர்சாஃப்ட் ரைபிள். அது கைக்கு வந்த புதிதில் எல்லோரையும் வாட்டுவது ஒரே தொல்லைதான். ட்ரிகரை இழுத்தால், ரைபிளுக்குள் ஓடி அடுத்த குண்டை ஏற்றும் போல்ட் முழுசாகப் பின்னால் போய் முழுசாக முன்னால் வர வேண்டும். வராது. பாதியில் நிற்கும், இல்லையென்றால் குண்டு இல்லாமல் வெறுமனே மூடிக்கொள்ளும். சில நேரம் ‘புஸ்ஸ்’ என்று, குண்டும் கேஸும் அடைக்கும் மேகசினில் இருக்கும் கேஸ் மொத்தமும் கொட்டித் தீர்ந்துவிடும்.

இணையத்தில் தேடினால் பதில்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் பெரும்பகுதி குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது. மேகசினைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கு, அழுத்தம் கூடிய கேஸுக்கு மாறு, ஸ்பிரிங்கை மாற்று என்பார்கள். சித்திரை வெயிலில் இராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரையிலோ உச்சிப்புளியிலோ இருந்துகொண்டு இதைச் செய்தால் உள்ள கோளாறு இரண்டாகும். நம் கடற்கரையில் போல்ட்டைக் கெடுப்பது குளிர் அல்ல. வெயில், உப்பு, மணல் மூன்றும்தான். பழுது பார்க்கும் வரிசையும் அதற்கேற்ப மாற வேண்டும்.

வேலைக்குள் போகும் முன் ஒரு விஷயம். இந்தப் பொருள் பார்வைக்கு அசல் ரைபிள்போலவே இருக்கும். நம் கரையோ பாக் நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் ஒட்டியது. மண்டபத்தில் கடலோரக் காவல்படை, உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானத்தளம், ஊர் ஊராகத் தமிழ்நாடு காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் எல்லாம் இருக்கின்றன. கடற்கரையில் இதைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டில் ஆடிப் பழகியவர்கள் பெட்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். சுங்கத்துறையிடம் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் என்ன சொல்கின்றன என்று ஒரு வக்கீலிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆடுவது, சோதிப்பது எல்லாம் வேலி போட்ட சொந்தத் தோப்புக்குள், உரிமையாளர் சம்மதத்தோடு, உள்ளூர்க் காவல் நிலையத்துக்குத் தெரிந்து நடக்கட்டும். மன்னார் வளைகுடாத் தீவுகளின் பக்கமே போகாதீர்கள். அந்த 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருபவை.

சரி, இப்போது ரைபிளுக்கு வருவோம்.

உள்ளே என்ன நடக்கிறது

இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கேஸ் ரைபிளில் கேஸ் இருப்பது மேகசினுக்குள், திரவமாக. ட்ரிகரை இழுத்ததும் ஹேமர் என்ற சுத்தி விழுந்து ஒரு சின்ன முள்ளைத் தட்டும். அந்த முள் மேகசினின் பின்பக்க வால்வைத் தட்டித் திறக்கும். கேஸ் மேலே ஏறி, மேகசின் தலையில் இருக்கும் ரப்பர் உதடு வழியாக நாசிலுக்குள் போகும். நாசில் என்பது போல்ட்டின் முன்பகுதியில் முன்னும் பின்னும் நகரும் குழாய். கேஸ் முதலில் முன்பக்கம் பாய்ந்து குண்டைத் தள்ளும். நாசிலுக்குள் மிதந்துகொண்டிருக்கும் குட்டி வால்வு அடுத்த நொடிக்குள் முன்பக்க வழியை அடைத்துவிடும். போக வழியில்லாத கேஸ் பின்பக்கம் திரும்பி, போல்ட்டின் கனமான பின்பகுதியான போல்ட் கேரியரை உதைக்கும். கேரியர் பின்னால் போகும் வழியில் ஹேமரை மறுபடி மடக்கி வைத்துவிட்டு, அதற்குப் பின்னால் இருக்கும் பஃபர் ஸ்பிரிங்கை நசுக்கி, அந்த ஸ்பிரிங் தள்ளத் தள்ள முன்னால் வரும். வரும்போது நாசில் அடுத்த குண்டை ஹாப்-அப் அறைக்குள், அதாவது குண்டைச் சுழல வைக்கும் ரப்பர் இருக்கும் அறைக்குள் தள்ளும்.

இந்தச் சங்கிலியில் கேஸைப் பிடித்து வைப்பது முழுக்க ரப்பர்தான். மேகசின் வால்வுகளில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், மேகசின் தலையில் ரப்பர் உதடு, கேரியருக்கும் நாசிலுக்கும் நடுவே பிஸ்டன் கப், பீப்பாயின் பின்முனையில் ஹாப்-அப் ரப்பர். புதியவர்கள் முதலில் சந்தேகப்படுவது ஸ்பிரிங்கை. பெரும்பாலும் குற்றவாளி ரப்பர். அதனால் ஒரு நல்ல ஸ்பிரிங்குக்குக் கொடுக்கும் காசை ஓ-ரிங் செட்டுக்குக் கொடுங்கள்.

முதலில் கேஸைப் பாருங்கள்

கேஸ் மூன்று வகை. ஒன்று 134ஏ, டோக்கியோ மருய் போன்ற ஜப்பான் கம்பெனிகள் தங்கள் ரைபிள்களை இதற்காகத்தான் செய்கின்றன. இரண்டாவது கிரீன் கேஸ். பெயர்தான் அப்படி, உள்ளே இருப்பது புரோப்பேனும் கொஞ்சம் சிலிக்கோன் எண்ணெயும். டபிள்யூஇ, ஜிஹெச்கே, விஎஃப்சி போன்ற தைவான் கம்பெனிகளின் கணக்கு இதன் மேல். மூன்றாவது கார்பன் டை ஆக்சைடு.

இவற்றின் அழுத்தம் வெப்பத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். அதை பிஎஸ்ஐ என்ற அளவில் சொல்வார்கள். 21 டிகிரியில் 134ஏ ஏறக்குறைய 70 பிஎஸ்ஐ, புரோப்பேன் 110 பிஎஸ்ஐ. இனி நம் ஊர்க் கணக்கைப் பாருங்கள்: 35 டிகிரியில் 134ஏ 114 பிஎஸ்ஐ-க்கு வந்துவிடுகிறது. குளிர்நாட்டுக்காரன் கிரீன் கேஸ் போட்டு எடுக்கும் உதையை நமக்கு இங்கே 134ஏ-வே தந்துவிடும். அதே 35 டிகிரியில் புரோப்பேன் 160-ஐத் தாண்டும். 50 டிகிரியில் 230. மூடிய காருக்குள் கிடக்கும் மேகசின் 50 டிகிரியைத் தொடுவது பெரிய காரியமில்லை. கார்பன் டை ஆக்சைடு இன்னும் வம்பு. 31 டிகிரிக்கு மேல் அது திரவமாகவே இருக்காது. நம் பகல் பொழுதில் பாதி அதற்கு மேல்தான் ஓடுகிறது. அதை இந்தக் கரைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அழுத்தம் கூடினால் போல்ட் நன்றாகத்தானே ஓட வேண்டும் என்று கேட்கலாம். அங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். மேகசினுக்குள் இருக்கும் அழுத்தமே வால்வை மூடிப் பிடித்திருக்கிறது. அழுத்தம் எல்லை மீறினால் ஹேமரின் அடி அதைத் திறக்கப் போதாது. ‘டிக்’ என்று சத்தம் வரும், கொஞ்சம் கேஸ் கசியும், போல்ட் அரை அங்குலம் நகர்ந்து நின்றுவிடும். பார்த்தால் கேஸ் குறைந்ததுபோலவே இருக்கும். உடனே இன்னும் கேஸ் அடைப்பார்கள். கோளாறு கூடும்.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். மேகசினைக் கழற்றி நிழலில், ஈரமில்லாத துணியில் சுற்றிக் கால் மணி நேரம் வையுங்கள். மறுபடி போட்டுப் பாருங்கள். இப்போது நன்றாக ஓடினால் நோய் சூடுதான். ரைபிளைப் பிரிக்கவே தேவையில்லை. கிரீன் கேஸிலிருந்து 134ஏ-க்கு இறங்கிவிடுங்கள். ஆடும் நேரத்தையும் காலை எட்டு, ஒன்பது மணிக்குள் அல்லது நாலு மணிக்கு மேல் மாற்றிக்கொள்ளுங்கள்.

சூட்டின் இன்னொரு விளையாட்டும் உண்டு. வால்வு திறந்துவிட்டால் போல்ட் அளவுக்கு மீறிய வேகத்தில் போய் வரும். மேகசின் ஸ்பிரிங் அடுத்த குண்டை மேலே ஏற்றும் முன் நாசில் முன்னால் போய்விடும். சத்தம் வரும், உதை வரும், குண்டு மட்டும் வராது. மேகசின் காலியானதும் போல்ட் பின்னால் நிற்காமல் பாய்ந்து மூடுவதும் பல சமயம் இதனால்தான்.

கேஸ் அடைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். மேகசினைத் தலைகீழாகப் பிடித்து, கேன் அதற்கு மேலே தலைகீழாக இருக்கும்படி நேராக அழுத்துங்கள். திரவம் கீழே இறங்க வேண்டும் என்பதுதான் விஷயம். வழியும் வரை அடைக்காதீர்கள். உள்ளே திரவம் ஆவியாக இடம் வேண்டும். நிரம்பி வழிந்த மேகசினில் முதல் சில சுடலுக்கு வெள்ளைப் புகையாகத் திரவமே வெளியே வரும், போல்ட் சோம்பலாக நகரும். புரோப்பேன் தீப்பிடிக்கும் சரக்கு. திறந்த வெளியில், பக்கத்தில் பீடி சிகரெட் இல்லாமல், கண்ணாடி போட்டுக்கொண்டு அடைக்கவும். சமையல் கேஸ் சிலிண்டரிலிருந்து அடைக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கூடவே கூடாது. கார் ஏசி பட்டறையில் கிடைக்கும் 134ஏ கேனும் பொருளளவில் அதே கேஸ்தான். ஆனால் சில கேன்களில் கம்ப்ரசர் எண்ணெயும் கசிவு காட்டும் சாயமும் கலந்திருக்கும். அவை வேண்டாம். எதுவும் கலக்காத கேனாக இருந்தாலும் அதில் சிலிக்கோன் எண்ணெய் இருக்காது, நீங்கள்தான் தனியாக விட வேண்டும்.

அடுத்து மேகசின்

இரண்டு மேகசின் இல்லாமல் இந்த ஆட்டத்துக்குள் வராதீர்கள். செலவுக்குச் சொல்லவில்லை, சோதிப்பதற்குச் சொல்கிறேன். கோளாறு வந்ததும் மேகசினை மாற்றிப் போடுங்கள். இரண்டாவதில் நன்றாக ஓடினால் ரைபிளைத் தொடாதீர்கள், நோய் முதல் மேகசினில். இரண்டிலும் ஒரே மாதிரி மக்கர் செய்தால் மட்டும் ரைபிளைப் பிரியுங்கள்.

மேகசின் கசிகிறதா என்று பார்க்கப் பலர் தண்ணீர் வாளிக்குள் முக்குகிறார்கள். குமிழி தெரியும், உண்மைதான். ஆனால் நம் ஊரில் பாதிக் கிணறும் போரும் உப்பு. அந்தத் தண்ணீரே அடுத்த கோளாறுக்கு விதை. சோப்புத் தண்ணீரைக் குடிதண்ணீர் கேனிலிருந்து எடுத்துக் கலக்கி, ஒரு பெயிண்ட் பிரஷ்ஷால் மூன்று இடத்தில் தடவினால் போதும்: அடியில் கேஸ் அடைக்கும் வால்வு, பின்பக்கம் கேஸ் வெளியேறும் வால்வு, அடித்தட்டு சேரும் கோடு. குமிழி எங்கே வருகிறதோ அங்கே கசிவு.

மெதுவாகக் கசிவது சோப்பில் தெரியாது. அதற்குச் சமையலறை டிஜிட்டல் தராசு நல்ல துணை. கேஸ் அடைத்த மேகசினை இரவு எடை போட்டு எழுதி வையுங்கள். காலையில் மறுபடி போடுங்கள். எடை குறைந்திருந்தால் குறைந்த கிராம் அத்தனையும் காற்றில் போன கேஸ்.

அடிவால்வில் கசிந்தால் முதல் மருந்து சிலிக்கோன் எண்ணெய். வால்வு வாயில் இரண்டு சொட்டு விட்டு, மேலே கேஸ் அடைத்து, ஒரு மணி நேரம் விட்டு வையுங்கள். காய்ந்த ரப்பர் எண்ணெய் குடித்து உப்பி அடைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று முறை செய்தும் நிற்கவில்லையென்றால் ஓ-ரிங் போய்விட்டது. வால்வைக் கழற்றும் முன் மேகசினில் ஒரு துளி கேஸ்கூட இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பின்பக்க வால்வை விரல் நகத்தால் அல்ல, ஒரு மழுங்கிய கம்பியால் அழுத்திப் பிடித்து, சத்தம் முழுதாக அடங்கும் வரை காத்திருங்கள். திரவம் தெறித்தால் தோல் பொசுங்கும். வால்வைத் திருகிக் கழற்ற அதற்கென்று ஒரு சாவி விற்கிறார்கள், மூக்குக் குறடால் திருகி வாயைச் சிதைக்காதீர்கள்.

மேகசின் தலையில் இருக்கும் ரப்பர் உதட்டைக் கூர்ந்து பாருங்கள். நல்ல உதடு மேகசின் தலையைவிடச் சற்றே உயர்ந்து, நாலு பக்கமும் ஒரே மட்டமாக இருக்கும். ஒரு மூலை தேய்ந்தோ, ஒரு பக்கம் சாய்ந்தோ, நாசில் உரசிய வெட்டுத்தழும்போ இருந்தால் கேஸ் நாசிலுக்குள் ஏறாமல் பக்கவாட்டில் சிதறும். ட்ரிகரை இழுக்கும்போது மேகசின் வாய்க்கருகே காற்று கையில் அடிப்பது இதற்கு அறிகுறி. உதட்டைப் பிடுங்கிச் சுத்தம் செய்து நேராகச் சொருகினாலே பல நேரம் சரியாகிவிடும்.

மேகசினில் குண்டு ஏறும் பாதையில் மணல் இருக்கிறதா என்று பார்க்கவும் மறக்காதீர்கள். ஒரே ஒரு மணல் போதும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தரையில் வைத்த எதற்குள்ளும் மணல் போகும்.

ரைபிளைப் பிரிக்கும் போது

அமெரிக்க ராணுவத்தின் எம்4 மாதிரியில் செய்த ரைபிள் என்றால் பின்பக்கப் பின்னைத் தள்ளியதும் மேல்பாதி மடங்கித் திறக்கும். சார்ஜிங் ஹேண்டிலை (போல்ட்டைக் கையால் இழுக்கும் பிடி) கொஞ்சம் இழுத்தால் போல்ட் கேரியர் கையோடு வெளியே வந்துவிடும். இதற்கு முன் மேகசினைக் கழற்றியாயிற்றா, அறைக்குள் குண்டு இல்லையா என்று பாருங்கள். அடியில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தட்டு வைத்துக்கொள்ளுங்கள். கழற்றும் ஒவ்வொரு சாமானையும் கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுங்கள். மொட்டைமாடியில் உட்கார்ந்து பிரிக்காதீர்கள், குட்டி ஸ்பிரிங் துள்ளிப் போனால் திரும்பக் கிடைக்காது.

முதல் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். பஃபர் ஸ்பிரிங்கை வெளியே எடுத்துவிட்டு, கேரியரை மட்டும் மேல்பாதிக்குள் வைத்துச் சாய்த்துப் பாருங்கள். தன் எடையிலேயே முன்னும் பின்னும் வழுக்கி ஓட வேண்டும். பாதியில் நின்றால், நிற்கும் இடத்தில் விரலை விட்டுத் தடவுங்கள். பெயிண்ட் உரிந்த மேடு, காய்ந்த கிரீஸ், மணல் மூன்றில் ஒன்று கிடைக்கும். கடற்கரை வீடுகளில் இன்னொன்றும் கிடைக்கும். அது வெள்ளைப் பொடி.

அந்த வெள்ளைப் பொடியைப் பற்றி இரண்டு வார்த்தை. விலை குறைந்த ரைபிள்களில் கேரியரும் ஹேமரும் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. இரும்பு துருப்பிடித்தால் செம்பழுப்பு, துத்தநாகம் உப்புக்காற்றில் அரித்தால் வெள்ளை மாவு. அந்த மாவு கிரீஸோடு கலந்து அரைத்த விழுதாகி, ஹேமர் அச்சிலும் வால்வைத் தட்டும் முள்ளிலும் போய் உட்காரும். முள் முன்னால் போய்த் திரும்பாமல் சிக்கினால் மேகசின் வால்வு திறந்தே கிடக்கும். மேகசின் மொத்தமும் ‘புஸ்ஸ்’ என்று கொட்டுவது பெரும்பாலும் இதனால்தான். மேகசினைக் கழற்றிவிட்டு, ஹேமரை விரலால் பிடித்து மெதுவாக விட்டு, முள்ளை அழுத்திப் பாருங்கள். விட்டதும் துள்ளித் திரும்ப வேண்டும். சோம்பலாக வந்தால் துடைப்பதுதான் மருந்து.

எதைக் கொண்டு துடைப்பது? குழாய்த் தண்ணீர் வேண்டாம். பேட்டரிக் கடையில் இன்வெர்ட்டருக்கு விற்கும் பேட்டரி தண்ணீரில் உப்பே கிடையாது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை அதில் நனைத்துத் தேய்த்து, துணியால் ஒற்றி, நிழலில் முழுக்கக் காயவிட்டு, அப்புறம் எண்ணெய் போடுங்கள். ஈரத்தின் மேல் எண்ணெய் போட்டால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும்.

நாசிலும் பிஸ்டன் கப்பும்

மேகசின் நன்றாக இருக்கிறது, கேரியர் வழுக்கி ஓடுகிறது, இருந்தும் போல்ட் பாதிதான் போகிறது என்றால் பிஸ்டன் கப்பைப் பார்க்க வேண்டும். சைக்கிள் பம்ப்பின் வாசர் காய்ந்துவிட்டால் எவ்வளவு அடித்தாலும் டயருக்குக் காற்று ஏறாதே, அதே கதைதான் இங்கேயும். கேஸ் கேரியரை உதைப்பதற்குப் பதில் கப்பைச் சுற்றி நழுவிப் போய்விடும்.

கேரியரைக் கையில் எடுத்து நாசிலை முன்னால் இழுத்து விடுங்கள். ‘சடக்’ என்று தானே உள்ளே போக வேண்டும். போகவில்லையென்றால் நாசிலைத் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் நைந்துவிட்டது அல்லது கொக்கி கழன்றுவிட்டது. போல்ட் முழுசாக மூடாமல் நிற்பதும் அறைக்குள் இரண்டு குண்டு ஏறுவதும் இதிலிருந்து வரலாம்.

அடுத்து, நாசிலின் அடியில் கேஸ் நுழையும் ஓட்டையையும் முன் ஓட்டையையும் விரல்களால் இறுக மூடிக்கொண்டு நாசிலை இழுத்துப் பாருங்கள். உள்ளே காற்று பிடித்து இழுப்பது கையில் தெரிய வேண்டும். வெண்ணெயில் கத்திபோல வந்தால் ஓ-ரிங் இறுக்கமில்லை. ஓ-ரிங்கைக் கழற்றி விரலில் வளைத்துப் பாருங்கள். மேல்புறம் நுண்ணிய வெடிப்பு தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். வெடிப்பில்லாமல் வெறுமனே காய்ந்திருந்தால் சிலிக்கோன் எண்ணெயில் ஒரு ராத்திரி ஊறவைத்தால் சில மாதம் தாக்குப்பிடிக்கும். பள்ளத்தில் ஒரு சுற்று டெஃப்லான் டேப் சுற்றி அதன் மேல் ஓ-ரிங்கைப் போடும் கைவைத்தியமும் உண்டு. அன்றைய ஆட்டத்தை முடிக்க உதவும், அதற்கு மேல் நம்ப வேண்டாம். இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றினால் இறுகிப்போய் நாசிலே நகராது.

புது ஓ-ரிங்குக்கு வெளிநாட்டுப் பார்சலை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. மண்டபம் தோணித்துறைப் பக்கம் படகு இன்ஜின் வேலை பார்க்கும் பட்டறைகளில் தகர டப்பா நிறைய அளவு வாரியாக ஓ-ரிங் வைத்திருப்பார்கள். பழையதைக் கையோடு கொண்டுபோய், வெர்னியர் இருந்தால் உள்விட்டமும் கனமும் அளந்து சொல்லுங்கள். “அண்ணே, எண்ணெய்க்கு இல்ல, கேஸுக்கு வேணும். நைட்ரைல்ல இருக்கா?” என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். புரோப்பேனுக்கும் 134ஏ-க்கும் நைட்ரைல் ரப்பர் போதும். பழுப்பு நிற விட்டான் ரிங் விலை கூடியது, அதனால் நல்லதாக இருக்கும் என்று நினைத்து வாங்காதீர்கள். 134ஏ-க்கு அது ஒத்துவராது.

நாசிலுக்குள் மிதக்கும் குட்டி வால்வைப் பற்றிச் சுருக்கமாக: அது உடைந்தால் ஒன்று குண்டு பலமாகப் போகும், போல்ட் நகராது. இல்லையென்றால் போல்ட் பலமாக உதைக்கும், குண்டு காலடியில் விழும். இந்த இரண்டில் ஒன்று தெளிவாகத் தெரிந்தால் மட்டும் நாசிலைப் பிரியுங்கள்.

எண்ணெய் விஷயம்

வீட்டில் இருக்கும் எண்ணெயைப் போடும் ஆசையை அடக்குங்கள். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், டபிள்யூடி-40 எதுவும் ரப்பர் பக்கம் போகக் கூடாது. பெட்ரோலியத்திலிருந்து வந்த எண்ணெய்கள் ரப்பரை உப்ப வைத்தோ இளக வைத்தோ கெடுக்கும். ஹாப்-அப் ரப்பரில் எண்ணெய் பட்டால் குண்டு போகும் திசையே மாறும். ரப்பருக்குச் சிலிக்கோன் எண்ணெய், அதுவும் சொட்டுக் கணக்கில்.

இரும்பும் இரும்பும் உரசும் இடத்துக்குக் கிரீஸ் போடச் சொல்லி எல்லா வழிகாட்டியும் எழுதுகிறது. ஆனால் கிரீஸ் இருக்கும் இடத்தில்தான் மணல் ஒட்டும். பனங்காட்டுப் புழுதியில் ஆடிவிட்டு வந்த கேரியரில் விரலை ஓட்டிப் பார்த்தால் உப்புத்தாள்போல இருக்கும். ஹேமர் அச்சு, ட்ரிகர் பெட்டிக்குள் மட்டும் மெல்லிசாகக் கிரீஸ் வையுங்கள். கேரியர் ஓடும் பாதைக்குச் சிலிக்கோன் எண்ணெயை ஒரு துணியில் நனைத்துத் துடைத்தால் போதும். கையில் பிசுபிசுத்தால் அதிகம் என்று அர்த்தம்.

மீதிச் சின்னக் கோளாறுகள்

போல்ட் கடைசி அரை அங்குலம் மூடாமல் நின்றால் ஹாப்-அப் அறைக்குள் உடைந்த குண்டு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். துப்புரவுக் கம்பியை முன்பக்கத்திலிருந்து மெதுவாகத் தள்ளி எடுக்கலாம். மக்கும் வகைக் குண்டுகளைத் திறந்த பையில் போட்டுப் பரணில் வைத்திருந்தால் அவற்றைச் சந்தேகப்படுங்கள். ஈரக்காற்று குடித்த பழைய குண்டு பீப்பாயில் சிக்கும். அவற்றைக் காற்றுப் புகாத ஜிப் பையில் வைத்து வாங்கிய ஆண்டிலேயே முடித்துவிடுங்கள். தரையில் கிடப்பதைப் பொறுக்கி மறுபடி போடவே போடாதீர்கள்.

மேகசின் காலியானதும் போல்ட் பின்னால் நிற்கவில்லை என்றால், சூடு காரணமில்லை என்று தெரிந்தபின் போல்ட் நிறுத்தும் நெம்பைப் பாருங்கள். மேகசினுக்குள் குண்டைத் தள்ளும் பகுதி மேலே வந்து அந்த நெம்பை உயர்த்த வேண்டும். மேகசின் ஸ்பிரிங் தளர்ந்தாலும் நெம்பின் முனை தேய்ந்து உருண்டாலும் இது நடக்காது.

ஒரு முறை இழுத்தால் இரண்டு மூன்று குண்டு தானாகப் போனால் ஆட்டத்தை நிறுத்திவிடுங்கள். ஹேமரைப் பிடித்து வைக்கும் பற்கள் தேய்ந்துவிட்டன. இதை அரம் போட்டுத் தேய்த்துச் சரி செய்ய முயலக் கூடாது. ஹேமர் செட் புதிதாகப் போட வேண்டும், அதையும் தெரிந்தவர் கையால்.

பஃபர் ஸ்பிரிங்கை மாற்றுவதை நான் கடைசியில் வைத்திருப்பது வேண்டுமென்றேதான். கடினமான ஸ்பிரிங் போட்டால் 134ஏ-இல் போல்ட் முழுசாகப் போகாது, மென்மையானது போட்டால் முழுசாக மூடாது. கம்பெனி போட்டதை எடுத்துவிட்டு வேறொன்று போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் மட்டும் பழையதைத் திரும்பப் போடுங்கள். பழைய ரைபிளை வாங்கியவர்கள் இதை விற்றவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

எடுத்து வைக்கும் போது

ஆட்டம் முடிந்த அன்றே துடைத்துவிடுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றால் உப்பு காத்திருக்காது. மேகசினை முழுக்கக் காலியாக வைக்காமல் உள்ளே சிறிது கேஸ் விட்டு வையுங்கள். அந்த அழுத்தம் வால்வு ரப்பரைத் தன் இடத்தில் அமர்த்தி வைத்திருக்கும், தூசியும் உள்ளே போகாது. ரைபிளைத் துணிப்பையில் சுற்றிப் பீரோவில் வைத்தால் வாடைக்காற்றுக் காலத்து ஈரம் அதற்குள் தங்கும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் சிலவற்றைப் போட்டு வைப்பது மேல். பொட்டலம் ஈரம் குடித்துவிட்டால் வெறும் வாணலியில் இளஞ்சூட்டில் போட வேண்டாம், அதன் காகித உறை பொசுங்கும். மணியை மட்டும் வெளியே கொட்டிச் சூடுபடுத்தி, ஆறியதும் வேறு துணியில் முடிந்து வைக்கலாம்.

கேஸ் கேனை வீட்டுக்குள் நிழலான இடத்தில், அடுப்படிக்குத் தொலைவில் நிமிர்த்தி வையுங்கள். அதன் மேலேயே 50 டிகிரிக்கு மேல் சூடு படக் கூடாது என்று அச்சடித்திருப்பார்கள். இராமநாதபுரம் கடைவீதியில் காரை வெயிலில் நிறுத்திவிட்டுத் துணி எடுக்கப் போகும் நாளில் கேனோ மேகசினோ டிக்கியில் இருக்கக் கூடாது.